பேரத்தில் பலம் எங்கிருந்து வருகிறது?

(வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

  

உள்ளே வரும்போது ஒரு தம்பி, "ஹஜ்ரத், இன்றைக்கு என்ன தலைப்பு?" என்று கேட்டார். "பேரம் பேசுவது பற்றி" என்றேன். சிரித்துவிட்டார். "அதை எங்களுக்கா சொல்லித் தரப் போகிறீர்கள்?" என்றார். நியாயமான கேள்விதான். நீங்கள் தினமும் ஐம்பது பேரிடம் விலை பேசுகிறவர்கள். நானோ கத்தரிக்காயைக்கூட சொன்ன விலைக்கு வாங்கி வந்து வீட்டில் ஏச்சு வாங்குகிறவன். ஆனால் வாடிக்கையாளரிடம் பேசுவது வேறு, உங்களைவிடப் பலமானவரிடம் போய் உட்கார்ந்து பேசுவது வேறு. அடுத்த மாதம் கடைத்தெருவில் பதினெட்டுக் கடைகளின் வாடகை ஒப்பந்தம் முடிகிறது. பதினெட்டுப் பேரும் ஒரே கட்டட உரிமையாளரிடம் பேசியாக வேண்டும். அதற்காகத்தான் இந்தத் தலைப்பு.

முதலில் ஒரு தோல்விக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு அப்போது பதினாறு வயது இருக்கும். என் அத்தா ஜவுளிக்கடை வைத்திருந்தார்கள். ஒரே வரிசையில் பன்னிரண்டு கடைகள். எல்லாம் ஒருவருடைய கட்டடம். ஷஅபான் மாதக் கடைசியில், வாடகையை ஒன்றரை மடங்காக்க வேண்டும் என்று அவர் ஆள் அனுப்பினார். பன்னிரண்டு பேரும் பள்ளிவாசல் திண்ணையில் கூடினார்கள். "யாரும் தனியாகப் போய்ப் பேசக் கூடாது, கூடுதல் வாடகை கேட்டால் மொத்தமாகக் கடையடைப்பு" என்று முடிவு. வல்லாஹி, பில்லாஹி என்று சத்தியங்கள் வேறு! கட்டடக்காரர் கோபப்படவில்லை, பதிலும் சொல்லவில்லை. நோன்பு பிறந்தது. அவருடைய கணக்குப்பிள்ளை மட்டும் தினமும் ஏதாவது ஒரு கடையில் வந்து உட்கார்ந்து, நலம் விசாரித்துவிட்டுப் போவார். அவ்வளவுதான். ஆனால் அவர் எந்தக் கடையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்று மற்ற பதினொரு பேரும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். பிறை பன்னிரண்டில் ஒருவர் இரவில் பின்வாசல் வழியாகப் போய்ப் பணத்தைக் கட்டினார். மறுநாள் மூன்று பேர். பிறை பதினைந்துக்குள் எல்லோரும் கட்டியாகிவிட்டது. என் அத்தா பதினோராவது ஆளாகப் போனார்கள். அதை ஏன் மறைக்க வேண்டும்?

பல வருஷங்கள் வரை அந்த முதல் ஆளைத் துரோகி என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று அப்படி நினைக்கவில்லை. அவர் போகாவிட்டால் இன்னொருவர் போயிருப்பார். ஏற்பாடே அப்படி இருந்தது.

எப்படி என்று பாருங்கள். பெருநாள் சரக்கைக் கடனுக்கு வாங்கி அடுக்கிவிட்டு, 'கடையை அடைப்போம்' என்று மிரட்டினோம். அந்த மாதத்தில் ஒரு நாள் கடை அடைத்தால் நஷ்டம் நமக்கு. அவருக்கு ஒரு மாத வாடகை தாமதமானால் என்ன குடிமுழுகிப் போகும்? காத்திருக்க முடிந்தவர் அவர், முடியாதவர்கள் நாம். ஏரியல் ரூபின்ஸ்டைன் என்ற பொருளியல் அறிஞர் 1982-ல் ஒரு கட்டுரையில் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார். இரண்டு பேர் மாறி மாறி விலை சொல்லிக்கொண்டே போகும் பேரத்தில், தாமதம் யாருக்குக் குறைவாக வலிக்கிறதோ அவருக்கே பெரிய பங்கு போகும். இதைத் தெரிந்துகொள்ளக் கணக்குப் படிக்க வேண்டியதில்லை என்பீர்கள். ஆனால் பன்னிரண்டு வியாபாரிகள் ஷஅபானில் அதை மறந்துதான் போனார்கள்.

கையைக் கட்டிக்கொள்வது ஒரு பலம்

இந்தத் துறைக்கு ஆங்கிலத்தில் 'கேம் தியரி' என்று பெயர். தமிழில் ஆட்டக் கோட்பாடு என்கிறார்கள். பெயரைப் பார்த்து, ஹஜ்ரத் கேரம் போர்டு பற்றிப் பேசுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். என் லாபம் நான் செய்வதை மட்டுமல்ல, எதிராளி செய்வதையும் பொறுத்திருக்கிறது, அவருக்கும் அப்படியே, அப்போது இருவரும் என்ன முடிவெடுப்பார்கள் என்று ஆராய்வதுதான் அது. ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கன்ஸ்டெர்னும் 1944-ல் இதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார்கள். பேரத்தைப் பொறுத்தவரை நமக்கு அதிகம் பயன்படுகிறவர் அமெரிக்கரான தாமஸ் ஷெல்லிங். 1960-ல் 'தி ஸ்ட்ராடஜி ஆஃப் கான்ஃப்ளிக்ட்' என்ற நூலை எழுதினார். 2005-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு ராபர்ட் ஆமனுக்கும் இவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. 2016-ல் இறந்தார்.

ஷெல்லிங் சொன்னது முதலில் கேட்டால் தலைகீழாகத் தெரியும். பேரத்தில் நிறைய வழிகள் திறந்திருப்பவனைவிட, தன் வழிகளைத் தானே அடைத்துக்கொண்டவன் பலசாலியாகிவிடலாம் என்றார். ஒரு லாரி மட்டும் போகக்கூடிய குறுகிய பாலம். இரண்டு பக்கமிருந்தும் இரண்டு லாரிகள் வருகின்றன. இரண்டு டிரைவர்களுக்கும் ரிவர்ஸ் எடுக்க முடியும். யார் எடுப்பது? தன் லாரியில் ரிவர்ஸ் கியர் விழாது என்று எதிராளிக்குச் சந்தேகமறத் தெரிந்துவிட்டால், பின்வாங்கப் போவது எதிராளிதான். பலவீனமே பலமாகிவிட்டது!

நீங்களும் இதைச் செய்கிறீர்கள், பெயர் தெரியாமல். "நான் கொடுத்துவிடுவேன் பாய், அத்தா ஒத்துக்க மாட்டாங்க" என்று கல்லாவில் இருக்கும் மகன் சொல்கிறாரே, அது இதுதான். 'ஒரே விலை' என்று பலகை மாட்டி, சொந்த மச்சான் வந்தாலும் குறைக்காத கடையும் இதுதான். மச்சானுக்கு ஒரு நாள் குறைத்துவிட்டால் பலகை வெறும் மரப்பலகை.

தாரிக் இப்னு ஸியாத் ஸ்பெயின் கரையில் கப்பல்களை எரித்த கதையை மேடைகளில் கேட்டிருப்பீர்கள். நானும் முழங்கியிருக்கிறேன்! அவர் கடலைக் கடந்தது கி.பி. 711-ல். கப்பல் எரிப்போ நானூறு ஆண்டுகளுக்கும் பிறகு வந்த அல்இத்ரீசியின் நூலில்தான் தலைகாட்டுகிறது; முந்திய வரலாறுகளில் காணோம். அதனால் இப்போது அதைச் சரித்திரம் என்று சொல்வதை விட்டுவிட்டேன். ஆனால் பின்வாங்கும் வழியை அழித்துவிட்டதை எதிரியும் பார்க்க வேண்டும் என்ற யோசனை மட்டும் உண்மையான யோசனை.

'எதிரியும் பார்க்க வேண்டும்' என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. உறுதி என்பது மனதுக்குள் இருந்தால் பேரத்துக்கு உதவாது. எதிராளிக்குத் தெரிய வேண்டும். அவர் முடிவெடுப்பதற்கு முன் தெரிய வேண்டும். அதை மீறினால் நமக்கே பெரிய நஷ்டம் என்பதும் அவருக்குத் தெரிய வேண்டும். நாம் திண்ணையில் செய்த சத்தியத்தில் இது எதுவும் இல்லை. மறுமையில் கேள்வி உண்டு என்பது வேறு விஷயம். கட்டடக்காரர் கண்ணுக்கு அந்தச் சத்தியத்தின் விலை பூஜ்யம். ஏனென்றால் எங்கள் கடைத்தெருவில் "வல்லாஹி, இது அசல் விலைக்கே கட்டாது" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சத்தியம் செய்வோம். வியாபாரத்தில் சத்தியத்தை அள்ளி வீசுவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்திருக்கிறார்கள். அதனுடைய உலக நஷ்டத்தை அந்த ரமளானில் நான் கண்ணால் கண்டேன். தேவைப்பட்ட நாளில் எங்கள் சத்தியத்தை நம்ப ஆளில்லை. எங்களுக்குள்ளேயே இல்லை!

ஹுதைபிய்யாவில் நடந்தது

இப்போது மதரஸாக்காரன் தன் இடத்துக்கு வருகிறேன். இமாம் புகாரி அவர்கள் ஹுதைபிய்யா உடன்படிக்கையின் நீண்ட செய்தியை எந்தப் பாடத்தில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? 'நிபந்தனைகள்' என்ற பாடத்தில். வியாபார ஒப்பந்தம், திருமண ஒப்பந்தம் ஆகியவற்றின் நிபந்தனைகளைப் பேசும் அதே பாடத்தில்! வஹீயின் வழிகாட்டலில் நடந்த ஒன்றை ஒரு கணக்குக் கோட்பாட்டுக்குள் அடைத்துவிட முடியாது. ஆனாலும் பேரம் என்ற கண்ணோடு அதைப் படித்துப் பார்ப்பதில் தவறில்லை.

ஹிஜ்ரி 6, துல்கஅதா. கி.பி. 628. ஏறத்தாழ 1,400 பேர் இஹ்ராம் உடையில், குர்பானிப் பிராணிகளோடு மக்காவை நோக்கி வருகிறார்கள். குறைஷிகள் வழி மறிக்கிறார்கள். முதலில் குஸாஆ குலத்து புதைல் தூது வருகிறார். அவரிடம் நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் கருத்து: நாங்கள் சண்டைக்கு வரவில்லை, உம்ராவுக்கு வந்தோம், போர்கள் குறைஷிகளையே நலிவடையச் செய்துவிட்டன, விரும்பினால் ஒரு தவணைக்குச் சமாதானம், மறுத்தால் என் கழுத்துப் போகும்வரை போராடுவேன். கதவும் திறந்திருக்கிறது, எல்லைக்கோடும் கிழித்தாகிவிட்டது.

அடுத்து வந்தவர் ஸகீஃப் குலத்து உர்வா இப்னு மஸ்ஊத். கெட்டிக்காரர். அவர் நிபந்தனையைப் பேசவில்லை, கூட்டத்தைப் பார்த்தார். 'பல குலத்து ஆட்கள் உங்களைச் சுற்றி இருக்கிறார்கள், நெருக்கடி வந்தால் விட்டு ஓடிவிடுவார்கள்' என்ற பொருளில் பேசினார். அபூபக்ர் (ரலி) அவர்கள் கடுஞ்சொல்லால் பதில் கொடுத்தார்கள். எங்கள் கடைகளில் வந்து உட்கார்ந்த கணக்குப்பிள்ளையின் வேலையும் இதேதான்! எதிராளி முதலில் எடை போடுவது உங்கள் கோரிக்கையை அல்ல. நீங்கள் சிதறுவீர்களா என்பதை. உர்வா ஓரக்கண்ணால் தோழர்களைக் கவனித்துவிட்டுத் திரும்பிப் போய், 'கைசரின் அவையையும் கிஸ்ராவின் அவையையும் நஜ்ஜாஷியின் அவையையும் பார்த்தவன் நான். இவர்கள் தங்கள் தலைவரை மதிப்பதுபோல் எங்கும் கண்டதில்லை' என்ற கருத்தில் சொல்லி, சமாதானத்தை ஏற்கச் சொன்னார். நம்மிடம் வந்த கணக்குப்பிள்ளை என்ன சொல்லியிருப்பார் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பிறகு உஸ்மான் (ரலி) அவர்கள் மக்காவுக்குத் தூது போகிறார்கள். திரும்பி வரத் தாமதமாகிறது. கொல்லப்பட்டுவிட்டார்கள் என்று வதந்தி. அப்போதுதான் மரத்தடியில் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. எதன் மீது? ஜாபிர் (ரலி) அவர்கள் சொல்கிறார்கள்: புறமுதுகு காட்டி ஓடமாட்டோம் என்பதன் மீது. உர்வா கேட்ட கேள்விக்கு நேரான பதில்! இருட்டில் அல்ல, பகலில், எல்லோரும் பார்க்க, ஒவ்வொருவராகக் கைகொடுத்து. யார் கொடுத்தார்கள், யார் கொடுக்கவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. ஜத்து இப்னு கைஸ் என்ற ஒருவர் மட்டும் ஒட்டகத்தின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்துகொண்டார் என்பதுகூட இன்றுவரை பதிவாகியிருக்கிறது. அதன் பிறகு குறைஷிகள் அனுப்பியது சுஹைல் இப்னு அம்ரை, உடன்படிக்கை எழுதுவதற்கு.

சுஹைலுக்கு என்ன தேவை? 'முஹம்மது பலவந்தமாக மக்காவுக்குள் நுழைந்துவிட்டார்' என்று அரபிகள் பேசிவிடக் கூடாது. அதுதான் அவருடைய பிடிவாதம். ஊர் முழுக்கத் தெரியத் தடுத்துவிட்டார்கள். இனி எப்படி இறங்கி வருவது? எனவே இந்த ஆண்டு திரும்பிப் போக வேண்டும், அடுத்த ஆண்டு வந்து மூன்று நாள் தங்கலாம் என்றார். ஒப்புக்கொள்ளப்பட்டது. 'அல்லாஹ்வின் தூதர்' என்று எழுதக் கூடாது என்றார். அந்தச் சொல்லும் எடுக்கப்பட்டது. உமர் (ரலி) போன்றவர்களுக்கே மனம் கொதித்தது. இளைஞர்களே! உங்களில் பலருக்கும் இந்த இடத்தைப் படிக்கும்போது கொதிக்கும். ஆனால் கைக்கு வந்தது என்ன? பத்தாண்டு போர் நிறுத்தம். யார் வேண்டுமானாலும் யாரோடும் சேரலாம் என்ற உரிமை. உங்களோடு சமமாக உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிறோம் என்ற குறைஷிகளின் ஒப்புதல். எதிராளி கௌரவத்தோடு இறங்கிவர ஒரு படிக்கட்டு வேண்டும். அதைக் கட்டிக் கொடுப்பது தோல்வியல்ல.

மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மறைத்து, விரலைப் பிடித்து விலை பேசுகிறார்களே, ஏன் என்று யோசித்திருக்கிறீர்களா? பக்கத்தில் நிற்கிறவனுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று. இன்னொன்று, வாய்விட்டுச் சொன்ன விலையிலிருந்து இறங்குவது வெட்கம். விரலால் சொன்னதிலிருந்து இறங்குவது சுலபம். அந்தத் துண்டு இரண்டு பேருக்கும் படிக்கட்டு. 1962 அக்டோபரில் உலகமே அணுகுண்டுப் போரின் விளிம்பில் நின்றபோதும் இப்படி ஒரு துண்டுதான் காப்பாற்றியது. கியூபாவில் சோவியத் ஏவுகணைகள். அமெரிக்க அதிபர் கென்னடி 22-ம் தேதி தொலைக்காட்சியில் தோன்றிக் கடல்வழித் தடையை அறிவித்தார்; ஊரறியக் கையைக் கட்டிக்கொண்டார். ஆனால் 27-ம் தேதி இரவு அவருடைய தம்பி ராபர்ட் கென்னடி, சோவியத் தூதரை ரகசியமாகச் சந்தித்து, துருக்கியில் இருக்கும் அமெரிக்க ஏவுகணைகளைச் சில மாதங்களில் எடுத்துவிடுவோம், வெளியே சொல்லக் கூடாது என்றார். மறுநாளே குருஷ்சேவ் ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். 1963 ஏப்ரலுக்குள் துருக்கியில் இருந்தவையும் போய்விட்டன. வெளியே இரும்பு, துண்டுக்குள் விரல்!

அபூ பஸீரின் கடற்கரை

ஹுதைபிய்யாவின் கசப்பான நிபந்தனைக்கு வருகிறேன். மக்காவிலிருந்து யாராவது ஓடி வந்தால் மதீனா திருப்பி அனுப்ப வேண்டும். மதீனாவிலிருந்து மக்காவுக்குப் போனால் அவர்கள் திருப்பித் தர மாட்டார்கள். ஒருதலைப்பட்சமான ஷரத்து. எழுதி முடிப்பதற்குள்ளேயே சோதனை வந்தது. சுஹைலின் சொந்த மகன் அபூ ஜந்தல் (ரலி) கால் விலங்கோடு வந்து விழுந்தார். இவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டுப் பார்த்தார்கள். சுஹைல் மறுத்துவிட்டார். 1,400 பேரும் பார்த்துக்கொண்டிருக்க, அந்த மனிதர் திருப்பி அனுப்பப்பட்டார்.

பிறகு அபூ பஸீர் (ரலி) மதீனாவுக்கு ஓடி வந்தார். அவரும் திருப்பி அனுப்பப்பட்டார். வழியில், அழைத்துப் போன இருவரில் ஒருவரைக் கொன்றுவிட்டு மீண்டும் மதீனா வந்தார். 'உங்கள் வாக்கை நீங்கள் நிறைவேற்றிவிட்டீர்கள். இனி உங்கள் மீது பொறுப்பில்லை' என்பது அவருடைய வாதம். அங்கும் தங்க முடியாது என்று புரிந்ததும் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். அபூ ஜந்தலும் தப்பி வந்து அவரோடு சேர்ந்தார். ஒவ்வொருவராகக் கூடி ஒரு கூட்டமே ஆகிவிட்டது. குறைஷிகளின் சிரியா வணிகப் பாதை அந்தப் பக்கம்தான். ஒரு சரக்குக் கூட்டம் தப்பவில்லை!

வியாபாரிகளே, இங்கேதான் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம் மதீனாவைக் கட்டியது. கடற்கரையில் இருப்பவர்களைக் கட்டவில்லை. 'மதீனாவில் வைத்துக்கொள்ளாதே' என்று ஷரத்துப் போட்டவர்கள் குறைஷிகளே. மதீனா அதை நாணயமாக நிறைவேற்றியதால்தான் அந்த ஆட்கள் யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லாமல் போனார்கள். கடைசியில் குறைஷிகளே ஆள் அனுப்பி, 'உறவின் பெயரால் கேட்கிறோம், அவர்களை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்' என்று கெஞ்சினார்கள். ஷரத்து போட்டவர்களாலேயே ஷரத்து போனது.

அபூ ஜந்தலைத் திருப்பி அனுப்பிய அந்தக் காட்சியின் பயன் இன்னொன்று. மதீனாவின் கையெழுத்து எவ்வளவு வலித்தாலும் நிற்கும் என்று அரபுலகம் பார்த்துவிட்டது. வெறும் பேச்சுக்கும் உறுதிக்கும் வித்தியாசம் அந்த வலிதான். இரண்டே ஆண்டில், குறைஷிகளின் கூட்டாளிகளான பனூ பக்ர், குஸாஆவைத் தாக்கி ஒப்பந்தம் முறிந்தபோது, மதீனாவிலிருந்து புறப்பட்டவர்கள் 10,000 பேர். ஹுதைபிய்யாவில் 1,400.

நம் பதினெட்டுக் கடைகள்

இனி நம் விஷயம். சீசனுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. பேசுவதாக இருந்தால் இப்போது பேச வேண்டும். கையெழுத்தாகும்வரை யாரும் கடனுக்குச் சரக்கு இறக்கி வைத்துவிடாதீர்கள். வழக்கமான சரக்கு போதும்.

சத்தியம் வேண்டாம். இரண்டு மாத வாடகைக்குச் சமமான பணத்தை ஒவ்வொருவரும் பொதுவான ஒருவரிடம் ஒப்படையுங்கள். தனியாகப் போய் முடித்துக்கொள்கிறவரின் பணம் ஏழைக் குமர்களின் திருமணத்துக்குப் போகட்டும் என்று அவரவரே எழுதிக் கொடுக்கட்டும். மற்ற கடைக்காரர்கள் அதிலிருந்து ஒரு காசு எடுக்கக் கூடாது. எடுத்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும். ஒப்படைத்த விஷயம் கட்டட உரிமையாளருக்குத் தெரியட்டும். தெரிவதற்காகத்தான் அது.

அதிகபட்சம் எவ்வளவு உயர்வு ஏற்கலாம் என்று இன்றே எழுதி, அதற்கு மேல் ஒப்புக்கொள்ள அதிகாரமில்லாத இரண்டு பேரை அனுப்புவோம். என்னை அனுப்பாதீர்கள், கத்தரிக்காய் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவர் முப்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கமாட்டேன் என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார். அந்த வாயை அவர் மீற வேண்டாம். முப்பதே இருக்கட்டும், மூன்று வருஷத்துக்குப் பிரித்து. மழைக்கு ஒழுகும் கூரையை நாமே சரிசெய்து அந்தச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஊருக்கு அவர் சொல்லிக்கொள்ள முப்பது, நம் கல்லாவுக்குத் தாங்கும் பத்து.

மூத்த வியாபாரி ஒருவர் கை தூக்குகிறார். "காலி செய்துவிட்டுப் போ என்று சொன்னால்?" சரியான கேள்வி. சொல்லக்கூடும். இரண்டு பக்கமும் கையைக் கட்டிக்கொண்டால் பாலத்தின் நடுவில் இரண்டு லாரியும் மோதும். ஷெல்லிங்கும் இந்த ஆபத்தை மறைக்கவில்லை. பதினெட்டுக் கடையும் ஒரே நேரத்தில் காலியானால் நிரப்ப அவருக்கு எத்தனை மாதம் ஆகும், நமக்கு வேறு இடம் எங்கே, அட்வான்ஸ் எப்போது திரும்பும் என்று இந்த வாரத்துக்குள் கணக்குப் பார்த்தாக வேண்டும். பார்த்த பிறகும் காலி செய்ய மனமில்லாதவர் இருந்தால், அதில் அவமானமில்லை; பிள்ளைகுட்டிக்காரர்கள். ஆனால் இப்போதே சொல்லிவிட வேண்டும், பிறை பன்னிரண்டில் அல்ல. பன்னிரண்டு பேர்தான் தேறுகிறார்கள் என்றால் பன்னிரண்டு கடைக்குத் தக்கபடி பேசுவோம்.

தாள் மேசை மீது இருக்கிறது. இஷாவுக்குப் பாங்கு சொல்ல இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது. கடைக்காரர்கள் மட்டும் முன்னால் வாருங்கள்.